உரிமையா, உரிமமா? காசு கொடுத்து வாங்கிய கோப்பு யாருடையது

உரிமை, உரிமம் என்று தமிழில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. தலையும் உடம்பும் ஒன்றுதான், வால் மட்டும் வேறு. உரிமை இருந்தால் பொருள் உங்களுடையது. உரிமம் இருந்தால் பொருள் வேறொருவருடையது. பயன்படுத்திக்கொள்ள அவர் உங்களுக்கு அனுமதி தந்திருக்கிறார், அவ்வளவுதான். மென்பொருள், விளையாட்டு, மின்னூல், படம் என்று இணையத்தில் நாம் 'வாங்கும்' பலவற்றில் கைக்கு வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். பட்டனில் மட்டும் 'வாங்கு' என்று இருக்கும்.

இதைப் பற்றி இரண்டு பேர் வாதாடுவதைக் கேட்டிருப்பீர்கள். "காசு கொடுத்தேன், அது என் பொருள்" என்பார் ஒருவர். "நிபந்தனைகளை ஏற்கிறேன் என்று அழுத்தியது நீங்கள்தானே?" என்பார் மற்றவர். அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தாலும் அதே இடத்தில்தான் நிற்பார்கள். முதல் ஆள் பேசுவது பொருளைப் பற்றி, இரண்டாவது ஆள் பேசுவது ஒப்பந்தத்தைப் பற்றி. கோப்புக்குப் போடும் மென்பொருள் பூட்டு என்று மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. நடைமுறையில் பல சமயம் முடிவு செய்வதே அதுதான், ஆனால் அதை இருவருமே எடுப்பதில்லை. சட்டம், ஒப்பந்தம், பூட்டு ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பாமல் பிரித்து வைத்துக்கொண்டாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

89 சென்ட் நாவல்

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். காப்புரிமை என்ற சொல்லைச் சிலர் புத்தகம், பாட்டு போன்றவற்றுக்கும், சிலர் கண்டுபிடிப்புகளுக்கும் பயன்படுத்துகிறார்கள். இங்கே நமக்கு வேண்டியது முதல் வகை. அதைப் பதிப்புரிமை என்றே சொல்கிறேன். எழுதியவருக்கோ, நிரல் எழுதியவருக்கோ, அவர்களிடமிருந்து எழுதி வாங்கிக்கொண்ட நிறுவனத்துக்கோ இருக்கும் நகலெடுக்கும் உரிமை அது.

ஒரு அச்சுப் புத்தகத்தை வாங்கினால் அதன் பதிப்புரிமை உங்களுக்கு வராது. நாளைக்கே ஆயிரம் படி அச்சடித்து விற்க முடியாது. ஆனால் கையில் இருக்கும் அந்த ஒரு படி முழுக்க உங்களுடையது. இரவல் தரலாம், பழைய புத்தகக் கடையில் போடலாம், பக்கத்தைக் கிழித்துப் பொட்டலம்கூட மடிக்கலாம். இன்று இது யாரும் சொல்லித் தெரிய வேண்டாத விஷயம். ஆனால் இதைக்கூட ஒரு காலத்தில் வழக்காடித்தான் நிலைநாட்ட வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் பாப்ஸ்-மெரில் என்ற பதிப்பகம் தன் நாவல் ஒன்றில், பதிப்புரிமை வாசகத்துக்குக் கீழே ஒரு எச்சரிக்கையை அச்சிட்டது. இந்த நூலின் விலை 1 டாலர், குறைத்து விற்க எந்தக் கடைக்கும் உரிமம் கிடையாது, மீறினால் அது பதிப்புரிமை மீறல் என்பது அதன் சாரம். மேசீஸ் கடைக்காரர்கள் அதைக் கண்டுகொள்ளாமல் 89 சென்டுக்கு விற்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1908-இல் கடைக்காரர்கள் பக்கம் தீர்ப்பானது. பதிப்பகத்துக்கு விற்கும் உரிமை உண்டு. ஆனால் முதல் முறை விற்றதோடு அந்தப் படியின் மீதுள்ள பிடி போய்விடுகிறது, அதற்குப் பிறகு யார் யாருக்கு என்ன விலையில் விற்றால் என்ன என்று கேட்க முடியாது. இதை 'முதல் விற்பனை' கோட்பாடு என்கிறார்கள். ஐரோப்பியச் சட்டத்தில் இதே கருத்து 'உரிமை தீர்ந்துபோதல்' என்ற பெயரில் இருக்கிறது. பழைய புத்தகக் கடையும் பழைய குறுந்தகடு விற்பனையும் பயமில்லாமல் நடப்பது இந்தக் கோட்பாட்டின் நிழலில்தான்.

அந்த எச்சரிக்கையில் 'உரிமம்' என்ற சொல் அப்போதே இருந்ததைக் கவனியுங்கள். 1908-இல் செல்லாமல் போன அந்த இரண்டு வரி, பின்னாளில் நாற்பது பக்க ஒப்பந்தமாக வளர்ந்து திரும்பி வந்தது. இந்த முறை பல இடங்களில் செல்லுபடியும் ஆனது. எப்படி?

ஓட்டினாலே நகல்தான்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம், ஏனென்றால் மென்பொருள் சட்டத்தின் முடிச்சு இதில்தான் இருக்கிறது.

புத்தகத்தைப் படிக்கும்போது எந்த நகலும் உண்டாவதில்லை. கண் ஓடுகிறது, பக்கம் புரள்கிறது, அவ்வளவுதான். மென்பொருள் அப்படி இல்லை. வட்டிலோ வன்தட்டிலோ இருக்கும் நிரலை நீங்கள் திறந்தவுடன், கணினி அதைத் தற்காலிக நினைவகத்துக்கு நகலெடுக்கிறது. நகலெடுக்காமல் ஓட்டவே முடியாது. பதிப்புரிமைச் சட்டமோ நகலெடுப்பதைத்தான் தடுக்கிறது. அப்படியானால் காசு கொடுத்து வாங்கியவர் ஒவ்வொரு முறை நிரலைத் திறக்கும்போதும் அனுமதி கேட்க வேண்டுமா?

இந்த அபத்தத்தைத் தவிர்க்க அமெரிக்கா 1980-இல் சட்டத்தைத் திருத்தியது. ஒரு படியின் உரிமையாளர், நிரலை ஓட்டுவதற்கு இன்றியமையாத நகலை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு பிரிவு வந்தது. நல்ல தீர்வுதான். ஆனால் அதில் 'உரிமையாளர்' என்று ஒரு சொல் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் உரிமையாளர் இல்லை, உரிமம் பெற்றவர் மட்டுமே என்று நிறுவனம் எழுதிவைத்துவிட்டால் அந்தப் பிரிவு உங்களுக்கு உதவாது. அப்புறம் நிரலைத் திறப்பதற்கே உரிம ஒப்பந்தத்தின் தயவு வேண்டும்.

கற்பனையாகச் சொல்லவில்லை. 1993-இல் எம்ஏஐ நிறுவனம் பீக் என்ற கணினிப் பழுதுபார்க்கும் நிறுவனத்தின் மீது போட்ட வழக்கில் இதுதான் நடந்தது. பழுதுபார்க்க வந்தவர் வாடிக்கையாளரின் கணினியை இயக்குகிறார். இயங்குதளம் நினைவகத்தில் ஏறுகிறது. அது ஒரு நகல், வாடிக்கையாளர் உரிமம் பெற்றவர் மட்டுமே, ஆகவே பழுதுபார்ப்பவர் செய்தது பதிப்புரிமை மீறல் என்றது நீதிமன்றம். கணினியை ஆன் செய்ததற்கு! 1998-இல் பழுதுபார்ப்புக்கு விலக்கு தரும் திருத்தம் வந்து அந்தச் சிக்கல் தீர்ந்தது. அடிப்படைத் தர்க்கம் மட்டும் அப்படியே நிற்கிறது.

அதன் நீளம் எவ்வளவு என்பதைக் காட்டியது வெர்னர் வழக்கு. ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளின் பழைய பெட்டிகளை வாங்கி ஈபேயில் விற்றவர் அவர். தன் கணினியில் நிறுவவில்லை, எந்த 'ஏற்கிறேன்' பட்டனையும் அழுத்தவில்லை. புத்தகமாக இருந்தால் கேள்வியே வந்திருக்காது. கீழ் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. அது பார்த்தது மூன்று விஷயங்களை: இது உரிமம் என்று நிறுவனம் சொல்லியிருக்கிறதா, பிறருக்குக் கைமாற்றுவதைக் கணிசமாகத் தடுத்திருக்கிறதா, பயன்பாட்டுக்குக் குறிப்பிடத்தக்க கட்டுப்பாடுகள் போட்டிருக்கிறதா. மூன்றுக்கும் ஆம் என்றால், முதலில் காசு கொடுத்து வாங்கியவரே உரிமையாளர் இல்லை. அவரே உரிமையாளர் இல்லாதபோது அவரிடமிருந்து வாங்கியவர் எப்படி உரிமையாளர் ஆவார்?

எனக்கு இந்தச் சோதனையில் உடன்பாடு இல்லை. மூன்று கேள்விக்கும் விடை எழுதுவது நிறுவனத்தின் வழக்கறிஞர்தான். மாணவனே தன் விடைத்தாளைத் திருத்துகிற கதை.

ஐரோப்பிய நீதிமன்றம் இதே கேள்வியை வேறு மாதிரி பார்த்தது. யூஸ்டுசாஃப்ட் என்ற நிறுவனம் ஆரக்கிள் மென்பொருளின் பழைய உரிமங்களை விற்றது. 2012 ஜூலையில் வந்த தீர்ப்பு சொன்னது இதுதான்: ஒருமுறை பணம் வாங்கிக்கொண்டு காலவரம்பு இல்லாமல் பயன்படுத்தக் கொடுத்தால் அது விற்பனை. அதற்கு உரிமம் என்று பெயர் வைத்துவிட்டால் விற்பனை இல்லாமல் போய்விடாது. இணையத்தில் பதிவிறக்கியதாக இருந்தாலும் வாங்கியவர் மறுபடி விற்கலாம், தன்னிடம் உள்ளதை மட்டும் பயன்படுத்த முடியாதபடி செய்துவிட வேண்டும். சரி, ஐரோப்பாவில் பிரச்சினை முடிந்தது என்று நினைத்தால் 2019 டிசம்பரில் அதே நீதிமன்றம் பழைய மின்னூல் விற்ற டாம் கேபினெட் என்ற தளத்தின் வழக்கில், மின்னூலுக்கு இது பொருந்தாது என்றது. மென்பொருளுக்கு ஒரு சட்டம், நூலுக்கு வேறு சட்டம். ஆக, அங்கே பழைய கணக்கியல் மென்பொருளை விற்கலாம், பழைய மின்னாவலை விற்க முடியாது. பாட்டுக் கோப்புகளை மறுவிற்பனை செய்ய முயன்ற ரீடிஜி நிறுவனத்துக்கும் 2018-இல் அமெரிக்காவில் கதவு சாத்தப்பட்டது. கோப்பை அனுப்பினாலே புதிய நகல் உண்டாகிறது, நகலுக்கு அனுமதி இல்லை என்பது காரணம். பார்த்தீர்களா, சுற்றிச் சுற்றி அந்த நகலிடமே வந்து நிற்கிறோம்.

யாரும் படிக்காத பக்கங்கள்

இப்போது ஒப்பந்தம். படிக்காத ஒன்று எப்படிக் கட்டுப்படுத்தும் என்று கேட்பது நியாயம். 1996-இல் புரோசிடி வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், பெட்டிக்குள்ளே வைத்து மூடிய ஒப்பந்தமும் செல்லும் என்றது. பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துக் காசு வாங்கியிருக்கலாமே என்பது வாதம். 2002-இல் நெட்ஸ்கேப் நிறுவனம் இதே தெம்பில் வந்தபோது தோற்றது. பதிவிறக்கும் பட்டனுக்கும் கீழே, திரையை நகர்த்தினால் மட்டுமே தெரியும் இடத்தில் நிபந்தனைகள் இருந்தன. கண்ணில் படாததற்கு யாரும் கட்டுப்பட வேண்டியதில்லை என்று தீர்ப்பானது. 'படித்தேன், ஏற்கிறேன்' என்ற சின்னக் கட்டம் உதவுவது இந்த இடத்தில்தான். நீங்கள் படித்தீர்களா என்பதில் யாருக்கும் அக்கறை இல்லை. படிக்க வாய்ப்பு கொடுத்தார்களா என்பதுதான் கேள்வி.

2010-இல் முட்டாள்கள் தினத்தன்று கேம்ஸ்டேஷன் என்ற பிரிட்டன் விளையாட்டுக் கடை, வாங்குபவரின் அழியாத ஆன்மா இனி எங்களுக்குச் சொந்தம் என்று ஒரு நிபந்தனையைச் செருகிவைத்தது. ஆயிரக்கணக்கானவர்கள் சம்மதித்தார்கள்.

ஒரு முறையாவது இந்தப் பக்கங்களில் ஒன்றைத் திறந்து பாருங்கள். முழுக்கப் படிக்க வேண்டாம், நான்கு இடங்களைத் தேடினால் போதும். 'விற்கப்படவில்லை, உரிமமாகத் தரப்படுகிறது' என்ற வரி ஏறக்குறைய எப்போதும் இருக்கும். வெர்னர் தோற்றதற்கு அந்த வரியும் ஒரு காரணம். அடுத்தது 'மாற்றித்தர இயலாது' என்பது. விற்கவும் முடியாது, கணக்கை உங்கள் பிள்ளைக்கு எழுதிவைக்கவும் முடியாது என்று பொருள். மூன்றாவது, நிறுவனம் உரிமத்தை எந்தக் காரணங்களுக்காகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற பகுதி. 'எங்கள் விருப்பப்படி' என்று அங்கே இருந்தால் காரணமே தேவையில்லை. நான்காவது, இந்த நிபந்தனைகளையே பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்ற வரி. ஒப்பந்தம் போட்டுவிட்டு ஒரு தரப்பு மட்டும் அதைத் திருத்திக்கொண்டே போகலாம் என்பதை வேறு எந்தக் கொடுக்கல் வாங்கலிலும் நாம் ஒத்துக்கொள்வோமா, தெரியவில்லை.

பூட்டு

சட்டம் தாளில் இருக்கிறது, ஒப்பந்தமும் தாளில் இருக்கிறது. உங்கள் அறைக்குள் வந்து கையைப் பிடிப்பது பூட்டுதான். கோப்பை யார், எங்கே திறக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் இந்த நுட்பத்தை டிஆர்எம் என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

அது வேலை செய்யும் விதம் எளிது. நீங்கள் வாங்கும் மின்னூலின் கோப்பு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். அதை அப்படியே எடுத்து வேறு மென்பொருளில் திறந்தால் எழுத்துக்குப் பதில் குப்பைதான் தெரியும். திறக்கும் சாவி நிறுவனத்தின் சர்வரிலிருந்து உங்கள் கணக்கைச் சரிபார்த்துவிட்டு வரும். அந்தச் சாவியையும் உங்களிடம் நேராகக் கொடுக்க மாட்டார்கள், அவர்களுடைய செயலியிடம்தான் கொடுப்பார்கள். ஆக, நூல் உங்கள் கருவியில் இருக்கிறது, பூட்டும் உங்கள் கருவியில் இருக்கிறது, சாவிக்கொத்து மட்டும் எங்கேயோ ஒரு சர்வரில் தொங்குகிறது. அந்தச் சர்வரை அணைத்தால்?

2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது அதுதான் ஆனது. மக்கள் காசு கொடுத்து வாங்கிய நூல்கள் அந்த ஜூலையோடு திறக்காமல் போயின. முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. பக்க ஓரங்களில் குறிப்பு எழுதிவைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர். ஒரு வாசகர் வருடக்கணக்காக எழுதிய ஓரக் குறிப்புகளுக்கு யாரோ ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து 25 என்று விலை வைத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஒரு மாதிரி இருக்கிறது.

அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பு, 2009 ஜூலையில், அமேசான் கிண்டில் கருவிகளிலிருந்து இரண்டு நூல்களைத் தூரத்திலிருந்தே அழித்தது. விற்றவருக்கு அவற்றை விற்க உரிமை இல்லை என்று தெரியவந்ததுதான் காரணம். பணமும் திரும்பி வந்தது. ஆனால் அழிந்த நூல்களில் ஒன்று ஜார்ஜ் ஆர்வெலின் '1984'. வேண்டாத எழுத்தைச் சுவடில்லாமல் அழிக்கும் அரசைப் பற்றிய நாவல். ஜெஃப் பெசோஸ் பின்னர் மன்னிப்புக் கேட்டார்.

பூட்டுக்குச் சட்டமும் காவல் நிற்கிறது. 1996-இல் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் ஒப்பந்தம் ஒன்று உருவானது. அதைத் தொடர்ந்து 1998-இல் அமெரிக்கா கொண்டுவந்த டிஎம்சிஏ என்ற மின்னணுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் நகலெடுத்து யாருக்கும் கொடுக்காவிட்டாலும் பூட்டை உடைத்ததே தனிச் சட்டமீறல் ஆகிறது. வீட்டுச் சாவி தொலைந்தால் பூட்டுக்காரரைக் கூப்பிடலாம். இங்கே பூட்டுக்காரர் தொழில் செய்வதற்கே தடை. இவ்வளவு அகலமாகச் சட்டம் இருந்தால் வேறு ஆட்களும் அதற்குள் நுழையத்தான் பார்ப்பார்கள். பிரிண்டர் விற்பவர் மைக்குப்பியில் ஒரு சிப் வைத்துவிட்டு, வேறு நிறுவனத்தின் மைக்குப்பி என் பூட்டை உடைக்கிறது என்றார். தானியங்கி வாகனக் கொட்டகைக் கதவு விற்றவர், வேறு நிறுவனத்தின் ரிமோட் என் பூட்டை உடைக்கிறது என்றார். 2004-இல் இரண்டையுமே மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. நல்லவேளை.

அந்தச் சட்டத்திலேயே ஒரு சின்ன ஜன்னல் உண்டு. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தலைவர் விதிவிலக்குகளை அறிவிப்பார். 2010-இல் கைபேசியின் கட்டுப்பாடுகளை நீக்கித் தனக்கு வேண்டிய செயலியைப் போட்டுக்கொள்ள விலக்கு கிடைத்தது. 2015-இல் விவசாயி தன் டிராக்டரின் மென்பொருளைப் பழுதுபார்ப்புக்காகத் திறக்க விலக்கு கிடைத்தது. தன் டிராக்டரைத் தானே திறக்க ஒரு நூலகரின் அனுமதி வேண்டியிருந்தது என்பதைப் படிக்கும்போது சிரிப்பு வரும். இந்தியாவில் 2012 திருத்தத்தில் பூட்டுப் பிரிவு வந்தது, ஆனால் அங்கே உடைப்பவரின் நோக்கம் பதிப்புரிமையை மீறுவதாக இருந்தால்தான் குற்றம். என் பார்வையில் அதுதான் நியாயமான வழி.

உரிமம் என்றாலே கெட்டதா?

இதுவரை படித்துவிட்டு அந்த முடிவுக்கு வந்துவிடாதீர்கள். 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்க நிரலாளர் குனூ திட்டத்தை அறிவித்தார். யாரும் ஓட்டலாம், படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்ற சுதந்திர மென்பொருள் அது. ஆனால் சும்மா பொதுவில் போட்டுவிட்டால், யாராவது எடுத்து மாற்றி, மூல நிரலை மறைத்து, பூட்டி விற்றுவிடுவார்கள். அதைத் தடுக்க அவர் கையில் எடுத்தது உரிமத்தையேதான். 1989-இல் வந்த ஜிபிஎல் உரிமத்தின் சாரம் இது: எடுத்துக்கொள், மாற்று, விற்கவும் செய், ஆனால் யாருக்குக் கொடுக்கிறாயோ அவருக்கு மூல நிரலையும் இதே சுதந்திரங்களையும் சேர்த்துக் கொடு. பதிப்புரிமை இல்லாவிட்டால் இந்த நிபந்தனைக்குப் பல்லே இருக்காது. முள்ளை முள்ளால் எடுத்திருக்கிறார். லினக்ஸ் இயங்குதளத்தின் கரு இன்றும் அந்த உரிமத்தின் இரண்டாம் பதிப்பில்தான் இருக்கிறது. அந்த உரிமம் ஓட்டுவதற்கு எந்தக் கட்டுப்பாடும் போடவில்லை. பிறருக்குக் கொடுக்கும்போதுதான் நிபந்தனையே தொடங்குகிறது. மேலே பார்த்த நினைவக நகல் கூத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

வியாபார உலகத்திலும் வேறு வழி உண்டு. ஜிஓஜி என்ற தளம் விளையாட்டுகளைப் பூட்டு இல்லாமல் விற்கிறது. அங்கேயும் தாளில் உரிமம்தான். ஆனால் நிறுவும் கோப்பைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டால், நாளைக்குக் கடை மூடினாலும் கோப்பு ஓடும். ஐடியூன்ஸும் 2009-இல் பாட்டுகளிலிருந்து பூட்டை எடுத்துவிட்டது. அதனால் யாராவது சொந்தமா இல்லையா என்று கேட்டால், தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு முன்பு சாவி யாரிடம் என்று கேட்பது என் வழக்கம்.

நிறுவனங்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டுக்குச் சர்வர் வேண்டும், சர்வருக்கு மாதாமாதம் செலவு, ஆட்கள் வேண்டும். பத்துப் பேர் ஆடும் விளையாட்டைக் காலகாலத்துக்கும் ஓட்டு என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. சந்தா கட்டிப் பார்க்கும் படம் சந்தா நின்றால் நிற்கத்தான் செய்யும், அதில் ஏமாற்று எதுவும் இல்லை. குறை எல்லாம் ஒருமுறை முழு விலை வாங்கிக்கொண்டு 'வாங்கு' என்று எழுதிவிட்டு, உள்ளே வாடகை விதிகளை வைப்பதில்தான்.

அந்தக் கோபத்தில் பிறந்த ஒரு வாசகம் இணையத்தில் எங்கும் திரிகிறது: வாங்குவது உடைமை ஆகாது என்றால், நகலெடுப்பதும் திருட்டு ஆகாது. கேட்க நன்றாக இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் இரண்டாவது பாதி ஏற்கெனவே உண்மை. 1985-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அனுமதியின்றித் தயாரித்த இசைத்தட்டுகளைத் திருட்டுப் பொருள் கடத்தலைத் தடுக்கும் சட்டத்தின்கீழ் திருட்டுப் பொருள் என்று சொல்ல முடியாது, பதிப்புரிமை மீறல் வேறு, திருட்டு வேறு என்றது. ஆனால் திருட்டு இல்லை என்பதால் அனுமதி வந்துவிடாது. மீறல் மீறலாகவே இருக்கும். 'வாங்கு' பட்டன் பொய் சொன்னதா என்பது உங்களுக்கும் கடைக்கும் நடுவில் உள்ள வழக்கு. நகலெடுக்கலாமா என்பது உங்களுக்கும் எழுதியவருக்கும் நடுவில் உள்ளது. வாசகம் இரண்டையும் ஒட்டுப்போட்டுவிட்டது.

பட்டன் பொய்யைக் கலிஃபோர்னியா நேராகவே தொட்டது. 2025 ஜனவரி 1 முதல், பிறகு பறிக்கப்படக்கூடிய மின்னணுக் கோப்பை 'வாங்கு' என்று சொல்லி விற்பவர், இது உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். இணையம் இல்லாமலே நிரந்தரமாகப் பயன்படுத்தப் பதிவிறக்கிக்கொள்ளக் கூடியதற்கு இந்தக் கட்டாயம் இல்லை. ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளம் அதற்கு முன்பே, 2024 அக்டோபரில், பணம் கட்டும் இடத்தில் அப்படி ஒரு வரியைப் போட்டுவிட்டது. உண்மையைச் சொல்லிவிட்டு அதே பொருளை அதே விதியில் விற்கலாம் என்பதால் இந்தச் சட்டத்தைப் பெரிய வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்னும் தூரம் போனது ஒரு விளையாட்டின் கதை. யுபிசாஃப்ட் 2014-இல் வெளியிட்ட 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டின் சர்வர்கள் 2024 மார்ச் 31 அன்று அணைக்கப்பட்டன. தனியாக ஆடுவதற்கும் சர்வர் தொடர்பு வேண்டும் என்று கட்டியிருந்ததால், குறுந்தகடு கையில் இருந்தும் பயன் இல்லை. அதிலிருந்து கிளம்பிய இயக்கம், என்றென்றைக்கும் ஓட்டச் சொல்லவில்லை; மூடும்போது ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போங்கள் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதன் குடிமக்கள் மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையொப்பங்களைத் தாண்டியது.

என் கதை இவ்வளவு பெரியதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் காசு கொடுத்து ஒரு அகராதிச் செயலி வாங்கியிருந்தேன். கைபேசி மாற்றியபோது அது புதியதில் வரவில்லை. வாங்கியவை பட்டியலில் பெயர் மட்டும் மங்கலாக இருந்தது, அழுத்தினால் 'இப்போது கிடைக்காது' என்றது. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு எதை வாங்கினாலும் ஒரு சின்னச் சோதனை செய்கிறேன், நீங்களும் செய்து பாருங்கள். கருவியை விமானப் பயன்முறையில் போடுங்கள். செயலியை முழுதாக மூடிவிட்டு மறுபடி திறவுங்கள். அப்புறம் கோப்பை வேறொரு கருவிக்கு நகர்த்தி, வேறொரு மென்பொருளில் திறக்கப் பாருங்கள். போன வாரம் நான் செய்தபோது பாட்டுகள் இரண்டு இடத்திலும் பாடின. மின்னூல் இருந்த இடத்தில் திறந்தது, நகர்த்திய இடத்தில் திறக்கவில்லை. தனியாக ஆடும் சதுரங்க விளையாட்டு ஒன்று, இணையம் இல்லாமல் ஆடவிட மாட்டேன் என்று உள்நுழையச் சொன்னது. பழைய கைபேசியையும் எடுத்துச் சார்ஜில் போட்டேன். திரையில் ஒரு விரிசல், மின்கலம் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. அகராதி மட்டும் ஒன்றுமே கேட்காமல் திறந்தது.